றொசலின்ட் பிராங்க்ளின் அம்மையார்

ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்து அச்சேற்றிய பெரியோர், தமக்கு ஏடு உதவியவர் இன்னார் இன்னார் என்று நூன்முகத்திலே எழுதிவைத்துச் சென்றமையைத் தமிழ் கற்றோர் அறிவர். ஏடு தந்தவர் பெரும் புலவராயினும், ஊர் பேர் அறியப்படாத குடியானவராயினும், அவர் பெயரை மறவாது குறிப்பது அப்பெரியோர் கைக்கொண்ட அறமாகும். அறிவுலகிலே இவ்வறம் ஒருகாற் பிழைத்தது. அதனால் ஓர் அம்மையாரின் பெயர் உரிய காலத்தில் உரிய இடத்தில் எழுதப்படாது போயிற்று. அவர்தாம் இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானியாகிய றொசலின்ட் பிராங்க்ளின். அவரது வாழ்க்கையை இவ்விழா மலரிலே சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

தமிழ் கற்பிக்கும் நாம் விஞ்ஞானியொருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தமை பழைய மாணவர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அம்மையார் ஆராய்ந்த பொருளும் ஒருவகை ஏடே. அது பனையோலையில் எழுதப்பட்டதன்று. உயிர்களின் உடலுக்குள்ளே எழுதப்பட்டது. அவ்வேட்டின் இயல்பை முதலில் ஒருவாறு விளக்கினாலன்றி, அம்மையாரின் உழைப்பின் அருமை புலப்படாது.

உயிருள்ள உடல்கள் யாவும் கலங்களால் ஆயவை. கலத்தினுள்ளே நிகழும் தொழில்களிற் பெரும்பாலானவற்றைச் செய்வன புரதங்கள். உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்களும், குருதியிலே ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினும், மயிரும் நகமும் ஆகிய கெரற்றினும் புரதங்களே. இருபது வகையான அமினோ அமிலங்களை மணிகளாகக் கொண்டு கோக்கப்பட்ட மாலையைப் புரதம் என்று கூறலாம். மணிகளின் வரிசை மாறினாற் புரதத்தின் உருவும் தொழிலும் மாறும். ஓர் எழுத்து மாறினாற் சொல்லின் பொருள் மாறுவது போல.

எம்முடலின் கலங்களில் அந்த வரிசையை விதிக்கும் மூல ஏடு, கலத்தின் கருவினுள்ளே டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறாக அமைந்துள்ளது. அடினைன், தைமின், குவானைன், சைற்றோசின் என்னும் நான்கே அதன் எழுத்துக்கள். மூல ஏட்டைக் கலம் வெளியே கொண்டு செல்வதில்லை. வேண்டிய பகுதியை மாத்திரம் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதிக் கருவுக்கு வெளியே அனுப்புகின்றது. அப்படி, ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறையை அடைகின்றது. அங்கே அதன் எழுத்துக்கள் மும்மூன்றாக வாசிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மூவெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தை வேறொரு வகைச் சிறு ஆர்.என்.ஏ. சுமந்து வந்து கொடுக்க, மணிகள் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகின்றது. நான்கெழுத்துக்களால் ஆகக்கூடிய மூவெழுத்துச் சொற்கள் 64. அவற்றுள் 61 அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய மூன்றும் இத்துடன் நிறுத்துக என்று ஏவும் முற்றுப்புள்ளிகள்.

இவை இன்று பாடசாலை மாணவரும் கற்கும் செய்திகள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரோ இவற்றுட் பெரும்பாலானவை இருளில் மறைந்து கிடந்தன. பரம்பரைக் குணங்களைச் சுமப்பது டி.என்.ஏ.யே என்பதை 1944 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஏவெரி என்பாரும் அவர் துணைவர் இருவரும் காட்டியிருந்தனர். எனினும், அது எவ்வுருவினது, தன் எழுத்துக்களை எங்ஙனம் காத்து வைக்கின்றது என்பவற்றை எவரும் அறிந்திலர். அந்த ஏட்டின் உருவைக் கதிர்களாற் படம்பிடித்து உலகுக்கு அளித்தவருள் முதன்மையானவர் பிராங்க்ளின் அம்மையார்.

அவர் 1920 ஆம் ஆண்டு யூலை மாதம் 25 ஆம் நாள் இலண்டன் மாநகரிலே, செல்வமும் ஈகையும் ஒருங்கே உடைய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் எலிஸ் பிராங்க்ளின் வங்கித் தொழில் புரிந்தவர்; மாலை வேளைகளிலே தொழிலாளர் கல்லூரியொன்றிற் கற்பித்தும் வந்தார். இற்லரின் கொடுமைக்கு அஞ்சி ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூத அகதிகளுக்கு அக்குடும்பத்தார் துணைநின்றனர். மக்கள் ஐவருள் இரண்டாமவராகிய றொசலின்ட், சென். போல்ஸ் மகளிர் பாடசாலையிற் கல்வி பயின்றார். பெண்களுக்குப் பௌதிகமும் இரசாயனமும் முறையாகக் கற்பித்த பாடசாலைகள் இலண்டனிலே மிகச் சிலவே இருந்த காலம் அது. அச்சிலவற்றுள் ஒன்று தமக்கு வாய்த்ததை அவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார்.

1938 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் நியூனம் கல்லூரியிற் புகுந்து இரசாயனம் கற்று, 1941 இல் இறுதித் தேர்வில் தேறினார். அக்காலத்திலே அச்சர்வகலாசாலை பெண்களைக் கற்க அனுமதித்ததேயன்றி, ஆண்களுக்கு வழங்கிய முழுப் பட்டத்தை அவர்களுக்கு வழங்கவில்லை. அவ்வுரிமை 1948 ஆம் ஆண்டிலேதான் பெண்களுக்குக் கிடைத்தது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1942 இல் அம்மையார் பிரித்தானிய நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிச் சங்கத்திலே சேர்ந்தார். விமானத் தாக்குதல் வேளைகளில் மக்களைக் காக்கும் தொண்டராகவும் பணிபுரிந்தார். நிலக்கரியிலுள்ள நுண்துளைகள் எத்தகையன, அவற்றினூடே எவ்வாயுக்கள் புகும், எவை புகா என்று அளந்தறிவதே அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி. கரித்துண்டை ஆராய்வதில் என்ன சிறப்பு என்று சிலர் எண்ணக்கூடும். அம்மையாரோ அதனையே ஆய்ந்து 1945 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1947 தொடக்கம் நான்கு ஆண்டுகள் பாரிஸ் நகரிலே, மெரிங் என்னும் அறிஞரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். எக்ஸ் கதிர்களை ஒரு பொருளின் ஊடே செலுத்தினால், அதன் அணுக்களின் ஒழுங்குக்கேற்ப அவை சிதறிப் படத்தகட்டிலே புள்ளிகளாகப் பதியும். புள்ளிகளின் இடத்தையும் கருமையையும் கணித்து அணுக்களின் அமைப்பை உய்த்துணரலாம். இவ்வித்தையை அம்மையார் அங்கே திறம்படக் கற்றார். வெப்பமேற்றும்போது சில கரிகள் காரீயமாக மாறுவதும், சில அவ்வாறு மாறாமையும் ஏன் என்பதை விளக்கி அவர் வெளியிட்ட கட்டுரை அத்துறையிலே நிலைபெற்றது. பிரெஞ்சு மொழியைச் சரளமாகப் பேசியும், விடுமுறைகளில் மலையேறியும் அவர் மகிழ்ந்து வாழ்ந்த காலம் அதுவே.

1951 ஆம் ஆண்டு சனவரியிலே இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். அங்கே தலைவராயிருந்த றண்டால் என்பார், டி.என்.ஏ.யின் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியை அம்மையாரிடம் ஒப்படைப்பதாகக் கடிதம் எழுதியிருந்தார். அவ்வாராய்ச்சியில் முன்னரே ஈடுபட்டிருந்த வில்கின்ஸ் என்பாரோ, அம்மையார் தமக்குத் துணையாக வருகின்றார் என்று எண்ணியிருந்தார். ஒரு கடிதத்தால் விளைந்த இத்தெளிவின்மை இருவரையும் கடைசிவரை பிரித்துவைத்தது. தவறு இருவர் மேலுமன்று. தெளிவாகச் சொல்லவேண்டியவர் சொல்லாமையே அதற்குக் காரணம்.

அம்மையாரும் அவரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த றேமண்ட் கோஸ்லிங்கும் மயிரினும் மெல்லிய டி.என்.ஏ. இழைகளை எடுத்து, அவற்றைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திப் படம் பிடித்தனர். ஈரம் குறைந்தபோது ஓர் உருவும், மிகுந்தபோது வேறோர் உருவும் தோன்றுவதை அவர்கள் கண்டனர். முன்னையதை ஏ வடிவம் என்றும் பின்னையதை பி வடிவம் என்றும் குறித்தனர். இரண்டும் கலந்திருந்தமையாலேதான் முன்னையோர் எடுத்த படங்கள் மங்கலாயிருந்தன. ஈரத்தை இழை எளிதில் ஏற்று விடுவதால், பொசுபேற்றுக் கூட்டங்கள் மூலக்கூற்றின் வெளிப்புறத்தில் இருத்தல் வேண்டும் என்றும் அம்மையார் 1951 இலேயே முடிவு செய்தார். 1952 ஆம் ஆண்டு மே மாதத்தில், 60 மணி நேரத்துக்கு மேலாகக் கதிர்களைச் செலுத்தி எடுத்த பி வடிவப் படமொன்று 51 ஆம் இலக்கம் பெற்றது. குறுக்கே வெட்டிய சிலுவை போன்ற அதன் புள்ளிகள், மூலக்கூறு சுருளாக அமைந்தது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின.

அதே வேளையிலே கேம்பிரிட்ஜில் வாட்சன், கிறிக் என்னும் இருவர், மாதிரியுருக்களை அமைத்துப் பார்த்து டி.என்.ஏ.யின் அமைப்பை அறிய முயன்றுகொண்டிருந்தனர். அவர்கள் முதலில் அமைத்த மூவிழை மாதிரியைப் பார்த்த அம்மையார் அதன் பிழையை உடனே எடுத்துக்காட்டினார். 1953 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் வில்கின்ஸ் 51 ஆம் படத்தை வாட்சனுக்குக் காட்டினார். அம்மையார் வேறிடம் செல்ல ஆயத்தமானமையால் அப்படம் கோஸ்லிங் வாயிலாக வில்கின்சின் கையை முறைப்படியே அடைந்திருந்தது. ஆயினும் அதனைப் பிறர்க்குக் காட்டியது அம்மையார் அறியாமலே நிகழ்ந்தது. கிங்ஸ் கல்லூரியின் பணி பற்றி மருத்துவ ஆராய்ச்சிச் சபைக்கு அளிக்கப்பட்ட அறிக்கையொன்றும் பெப்புருவரியிலே கிறிக்கின் கைக்கு எட்டியது. அது இரகசிய அறிக்கையன்று; எனினும் அதனுள்ளே அம்மையார் அளந்த எண்கள் இருந்தன. அவற்றிலிருந்து, இரு இழைகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுவன என்பதைக் கிறிக் உணர்ந்துகொண்டார்.

ஈண்டு நடுநிலை பிறழாது உரைத்தல் எமது கடமை. அடினைன் தைமினோடும், குவானைன் சைற்றோசினோடும் இணைசேரும் என்னும் உண்மையைக் கண்டவர் வாட்சன். ஓரிழையைக் கொண்டு மற்றதை எழுதிக்கொள்ளலாம் என்பது அவ்விணைப்பினாலேயே விளங்கிற்று. அப்பெருமையை அவரிடமிருந்து எவரும் பறித்தல் ஆகாது. அம்மையாரோ சான்று முழுமையாகக் கிடைக்குமுன் மாதிரியுரு அமைத்தல் தகாது என்னும் கொள்கையினர். ஏ வடிவத்தின் கணக்கிலே நெடுநாள் செலவிட்டார். ஆயினும் 1953 பெப்புருவரியில் இரு வடிவங்களும் இரட்டைச் சுருளே என்று தம் குறிப்பேட்டில் எழுதும் நிலையை அவர் தாமாகவே எய்தியிருந்தார். பிறர் ஓடிக் கடந்த தூரத்தை அவர் ஒவ்வோரடியாக அளந்து நடந்துகொண்டிருந்தார்.

1953 ஏப்பிரில் 25 ஆம் நாள் நேச்சர் என்னும் சஞ்சிகையிலே மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. வாட்சனும் கிறிக்கும் எழுதியது முதலாவது. வில்கின்ஸ் குழுவினரது இரண்டாவது. அம்மையாரும் கோஸ்லிங்கும் எழுதியது மூன்றாவது. முதற் கட்டுரைக்கு மூலமாயிருந்த அளவீடுகள், அதனை உறுதிப்படுத்தும் துணைச்சான்று போலப் பின்னே நின்றன. கிங்ஸ் கல்லூரியாரின் வெளிவராத முடிவுகளைப் பொதுவாக அறிந்திருந்ததாக ஒரு சிறு குறிப்பு முதற் கட்டுரையில் உண்டு. ஏடு தந்தவர்க்கு அஃது ஏற்ற நன்றியுரையன்று.

அம்மையார் அதற்காக மனம் சோர்ந்து ஒதுங்கினாரல்லர். அக்கட்டுரைகள் வெளிவருமுன்னரே, மார்ச்சு மாதத்தில், பேர்னால் என்னும் பேரறிஞர் தலைமை வகித்த பேர்க்பெக் கல்லூரிக்குச் சென்று புதிய பணியைத் தொடங்கியிருந்தார். உலகம் அவரை 51 ஆம் படத்துக்காகவே நினைவுகூர்கின்றது. அவர் ஒரு குழுவுக்குத் தலைவராயிருந்து நிகழ்த்திய பெரும்பணியோ பேர்க்பெக்கிலே செய்யப்பட்டது. மூல ஏட்டை ஆராய்ந்தவர், அங்கே ஆர்.என்.ஏ. என்னும் படியை ஆராயத் தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் புகையிலைச் சித்திரவடிவ நோயை விளைக்கும் வைரசு. வடபுலத்துத் தோட்டங்களைக் கண்ட எமக்குப் புகையிலை புதியதன்று. அதன் இலைகளிலே பச்சையும் வெளிறுமாகத் திட்டுத்திட்டாய்ப் படரும் நோய்க்கு இவ்வைரசே காரணம். இதனிடத்து டி.என்.ஏ. இல்லை, ஆர்.என்.ஏ.யும் புரதமுமே உள்ளன. நீளம் 300 நனோமீற்றர். விட்டம் 18 நனோமீற்றர். ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே நனோமீற்றர். இத்துணைச் சிறிய கோலின் உள்ளமைப்பை அறிய அம்மையாரும், ஏரன் குளுக், கெனத் ஹோம்ஸ், ஜோன் பின்ச் என்னும் இளைஞரும் உழைத்தனர்.

கோல் உள்ளே துளையுடையது என்பதும், ஒரேவகைப் புரத அலகுகள் சுருட்படிக்கட்டுப் போல அடுக்கப்பட்டவை என்பதும் தெரியவந்தன. மூன்று சுற்றுக்கு 49 அலகுகளாக, முழுக் கோலிலும் ஏறக்குறைய 2130 அலகுகள் உள்ளன. ஆர்.என்.ஏ. எங்கே இருக்கின்றது என்பதே பெரிய வினா. நடுத்துளையிலே கிடக்கின்றது என்று கருதுதல் எளிது. அம்மையார் ஆர்.என்.ஏ. நீக்கப்பட்ட வெறும் புரதக் கோலைக் கதிர்களால் ஆராய்ந்தார். அமெரிக்கரான கஸ்பார் முழு வைரசை ஆராய்ந்தார். இரண்டையும் ஒப்புநோக்கியபோது, நடுவிலிருந்து 4 நனோமீற்றர் தொலைவிலே வேறுபாடு தோன்றிற்று. ஆகவே, ஆர்.என்.ஏ. துளையில் இல்லை, புரத அலகுகளுக்கிடையே புதைந்து, அவற்றோடு சேர்ந்து சுருண்டு செல்கின்றது. இம்முடிவு 1956 இல் வெளிவந்தது. ஒவ்வொரு புரத அலகும் ஆர்.என்.ஏ.யின் மூன்று எழுத்துக்களைத் தாங்கி நிற்கின்றது என்பதும் பின்னர் அறியப்பட்டது. ஓலைச் சுவடியைச் சட்டமிட்டுக் காப்பதுபோல அப்புரதம் படியைக் காத்து நிற்கின்றது.

அதே 1956 ஆம் ஆண்டிலே அம்மையார் அமெரிக்கா சென்றிருந்தபோது நோயின் குறி தோன்றியது. சூலகத்திற் புற்றுநோய் என்று மருத்துவர் கண்டனர். சத்திர சிகிச்சை பெற்றபின் அவர் சிலகாலம் தங்கி இளைப்பாறிய இல்லங்களுள் ஒன்று கிறிக்கின் இல்லம் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. தமது ஏட்டைப் பயன்படுத்தியவர்களோடு அவர் பகை பாராட்டவில்லை. உடல் நலிந்த நிலையிலும் ஆய்வுகூடத்துக்குச் செல்வதை நிறுத்தினாரல்லர். குழுவினரின் சம்பளத்துக்கு வேண்டிய பொருளுதவி இங்கிலாந்தில் அருகியபோது, 1957 இல் அமெரிக்க அரசிடமிருந்து அதனைப் பெற்றுத் தந்தார். இளம்பிள்ளைவாதத்தை விளைக்கும் போலியோ வைரசின் ஆராய்ச்சியையும் தொடங்கினார்.

1958 ஆம் ஆண்டு ஏப்பிரில் 16 ஆம் நாள் இலண்டனிலே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 37. மறுநாள் புறசெல்ஸ் நகரிலே உலகப் பொருட்காட்சி திறக்கப்பட்டது. அவரும் அவர் குழுவினரும் அமைத்த வைரசின் பெரிய மாதிரியுரு அங்கே மக்கள் பார்வைக்கு நின்றது. அமைத்தவர் இல்லை.

அவர் விதைத்தவை பின்னர் விளைந்தன. 1961 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆம் நாள், அமெரிக்காவிலே நிரன்பேர்க்கின் ஆய்வுகூடத்தில் மத்தாய் என்பார், யூராசில் என்னும் ஒரே எழுத்தாலான ஆர்.என்.ஏ.யை இட்டு, பீனைலலனைன் என்னும் ஒரே அமினோ அமிலத்தாலான புரதத்தைப் பெற்றார். உயிரேட்டில் வாசிக்கப்பட்ட முதற்சொல் அதுவே. அந்நாட்களில் நிரன்பேர்க் பேர்க்லி நகரில், அம்மையார் ஆராய்ந்த அதே புகையிலை வைரசின் ஆர்.என்.ஏ.யோடு பணிபுரிந்துகொண்டிருந்தார். 1966 அளவில் 64 சொற்களும் வாசிக்கப்பட்டன. அப்பணியிற் பெரும்பங்கு கொண்ட கொரானா இந்தியாவிற் பிறந்தவர்.

1962 இல் வாட்சன், கிறிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். இறந்தோர்க்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. 1982 இல், அம்மையாரின் மாணாக்கரைப் போல விளங்கிய குளுக் அப்பரிசைப் பெற்றார். 2009 இல், ரைபோசோமின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் அறிந்தமைக்காக அப்பரிசைப் பெற்ற மூவருள், சிதம்பரத்திலே பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் ஒருவர். அவர் பணியாற்றிய கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம், முன்னர்க் குளுக் தலைமை வகித்த ஆய்வுகூடமே. மூலத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, படியைக் கடந்து, படி வாசிக்கப்படும் பட்டறைவரை இவ்வாறு வந்து சேர்ந்தது.

1968 இல் வாட்சன் வெளியிட்ட நூலொன்று அம்மையாரைச் சினமும் பிடிவாதமும் உடையவராகச் சித்திரித்தது. மறுமொழி கூற அவர் உயிரோடில்லை. நண்பர் சிலர் அவர் பொருட்டு எழுதினர். குளுக் அவரது குறிப்பேடுகளை ஆராய்ந்து, அவர் விடையை எவ்வளவு நெருங்கியிருந்தார் என்பதை அவ்வாண்டிலேயே வெளியிட்டார். 2023 இல் வரலாற்றாசிரியர் இருவர், பழைய கடிதமொன்றையும் வெளிவராத கட்டுரையொன்றையும் சான்று காட்டி, அவர் ஏமாற்றப்பட்ட பேதையல்லர், அக்கண்டுபிடிப்பிலே சமபங்குடைய நால்வருள் ஒருவர் என்று வாதிட்டனர். அம்மையாருக்கு உரிய பெருமை இதுவே என்பது எமது கருத்து. இரக்கத்துக்குரியவராக அவரைக் காட்டுதல், அவரது அறிவைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவரே, உங்களுக்கு ஒரு சொல். விஞ்ஞானக் கூடத்தில் அருகிலிருப்பவன் எடுத்த அளவை நீங்கள் எழுதிக்கொள்ள நேரலாம். கட்டுரை எழுதுகையில் நண்பனொருவன் கண்ட கருத்தை எடுத்தாள நேரலாம். பிறர் உதவியின்றி அறிவு வளராது, அதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் அவன் பெயரை அங்கேயே, அப்பொழுதே எழுதிவிடுங்கள். பின்னர் எழுதலாம் என்று விட்ட ஒரு பெயரை அதற்குரிய இடத்தில் எழுதி முடிக்க, எழுபது ஆண்டுகள் சென்றன.